ஒரே அடுப்பு, ஒரே பானை, ஊட்டமான சாப்பாடு

(புதுவைக் கரையோர ஊர்களுக்காக வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய வானொலி உரையின் எழுத்து வடிவம்)



"வேளாண்மை அதிகாரின்னா உரத்தைப் பத்திச் சொல்லுவார், பூச்சியைப் பத்திச் சொல்லுவார். அடுப்பங்கரையில இவருக்கு என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. நெற்பயிருக்கு யூரியாவை மட்டும் கொட்டினால் என்ன ஆகும்? பச்சைப்பசேல் என்று வளரும். ஒரு காற்று அடித்தால் சாய்ந்துவிடும். அதனால்தான் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றையும் அளவாகக் கலந்து போடுகிறோம். பயிருக்கு இந்தக் கணக்குப் பார்க்கிற நாம், நம் வயிற்றுக்குப் பார்க்கிறோமா? மூன்று வேளையும் சோறு, தொட்டுக்கொள்ள ஏதோ கொஞ்சம். இது யூரியாவை மட்டும் போட்ட வயல் போலத்தான். வயிறு நிறையும், உடம்பு தேறாது.

"நல்ல சாப்பாடுன்னா காசு வேணும், ரெண்டு மூணு அடுப்பு வேணும், நாலு பாத்திரம் வேணும்" என்பது பலருடைய எண்ணம். அரியாங்குப்பம் கொம்யூனில் வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊரைப் பாருங்கள். நெருக்கமான வீடுகள். பல வீடுகளில் ஒரே அடுப்பு. கடலுக்குப் போகிற ஆட்கள் படகிலேயே ஒரு அடுப்பை வைத்துச் சமைத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், பாகூர் என்று வயல் ஊர்களுக்கு வந்தாலும் கதை அதுதான். நடவு நாளில், அறுப்பு நாளில், விடியற்காலையில் வேலைக்குப் போகிற தாய்க்கு நாலு வகை சமைக்க நேரம் ஏது? மோட்டார் கொட்டகையில் தங்கித் தண்ணீர் கட்டுகிறவருக்கு ஒரு அடுப்பும் ஒரு பானையும்தான். ஆகவே இருப்பதை வைத்துக்கொண்டு, கைக்கு அடக்கமான செலவில், உடம்புக்கு வேண்டியதை எப்படிச் சாப்பிடுவது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1918ஆம் ஆண்டு நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 1920களில் அவர் ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை, பகுதி பகுதியாக எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று கலந்து சாப்பிடுகிற வடமேற்குச் சீமையின் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய நம் சென்னை மாகாணத்து உணவைத் தின்ற எலிகள் வளர்ச்சியில் கடைசி வரிசையில் நின்றன.

இதைக் கேட்டு அரிசியின் மேல் பழி போட வேண்டாம். அரிசி நல்ல உணவுதான். அதிலும் புழுங்கலரிசி இன்னும் நல்லது. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டில் இருக்கிற 'பி' உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. குறை எங்கே என்றால், அரிசியைத் துணையில்லாமல் தனியாக விட்டதில்தான்.

துணை என்பது என்ன? 100 கிராம் அரிசியில் புரதம் சுமார் 8 கிராம். 100 கிராம் பருப்பில் சுமார் 22 கிராம். அளவில் மட்டுமா வித்தியாசம்? அரிசிப் புரதத்தில் லைசின் என்ற ஒரு பகுதி குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் மெத்தியோனின் என்ற பகுதி குறைவு. அது அரிசியில் உண்டு. ஜோடி மாடு மாதிரி, இரண்டையும் சேர்த்துப் பூட்டினால்தான் ஏர் நேராக ஓடும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு அல்லது பயறு. இதுதான் கணக்கு. இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வேளைக்கு 600 கிராம் அரிசி, 200 கிராம் பருப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஏறக்குறைய 18 கிராம் புரதம் கிடைக்கிறது. அதே 800 கிராமும் அரிசியாகவே பொங்கினால் 13 கிராம்தான், தரமும் குறைவு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 50 கிராம். பானை அதேதான், அடுப்பு அதேதான். உள்ளே போடுகிற கலவைதான் மாறியிருக்கிறது.

தாய்மார்களே, இப்போது உங்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். 2019-21இல் நாடு முழுவதும் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. பாதிக்கு மேல்! நடவு நடும்போது மூச்சு வாங்குவது, மாலையில் கால் ஓய்ந்துபோவது, தலை சுற்றுவது இவற்றையெல்லாம் "வயசு", "வெயில்" என்று ஒதுக்கிவிடுகிறோம். பல நேரம் அது இரும்புச்சத்துக் குறைவு. ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்றால், பெண்ணுக்கு 29 வேண்டும். தேவை அதிகம் பெண்ணுக்கு. ஆனால் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? குழம்பில் கிடந்த மீன் துண்டும், பொரியலும், கீரையும் முன்பந்தியிலேயே போய்விடும். கடைசியில் உட்காருகிற அம்மாவுக்குச் சோறும் அடிக்குழம்பும்தான் மிச்சம்.

ஒரே பானைச் சமையலை நான் சிபாரிசு செய்வதற்கு விறகு மிச்சம், நேரம் மிச்சம் என்பது மட்டும் காரணமல்ல. பருப்பும் காயும் கீரையும் சோற்றோடு கலந்தே வெந்திருந்தால் முதல் அகப்பையில் என்ன இருக்கிறதோ, கடைசி அகப்பையிலும் அதுவே இருக்கும். முன்னால் சாப்பிட்டவருக்கு ஒரு சத்து, பின்னால் சாப்பிடுகிறவருக்கு ஒரு சத்து என்ற பாகுபாடு தானாகவே போய்விடும். இது சின்ன விஷயம் இல்லை, பெருமக்களே.

சரி, செய்முறைக்கு வருவோம்.

அரிசியையும் பருப்பையும் ஒன்றாக இரண்டே தண்ணீரில் அலசுங்கள். வெள்ளைத் தண்ணீர் போகிறவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் சத்தும் அதோடு போய்விடும். பிறகு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு பங்கு கலவைக்கு மூன்று பங்கு தண்ணீர். ஊறிய தண்ணீரையும் இந்த அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் கொட்ட வேண்டாம். பறங்கிக்காய், கத்தரிக்காய், முள்ளங்கி, அவரை எது மலிவோ அதைப் பெரிய துண்டாக நறுக்கிப் போடுங்கள். மஞ்சள்தூள், வெங்காயம், பச்சைமிளகாய் உங்கள் கைப்பக்குவம். பருப்பு சீக்கிரம் வேக ஆப்பசோடா போடுகிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது 'பி' உயிர்ச்சத்தைக் கெடுக்கும். ஊறவைத்தாலே போதும், சோடா தேவையில்லை. சோற்றை வடிக்கிற வழக்கமுள்ளவர்கள் அந்தக் கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். உப்பும் மோரும் கலந்து குடியுங்கள். இல்லாவிட்டால் குழம்பில் சேருங்கள்.

"ஐயா, ஒரே அடுப்புல பானை ஏறிட்டா, அது இறங்குறவரைக்கும் குழம்புக்கு என்ன வழி?" என்று ஒரு தாய் கேட்கலாம். நல்ல கேள்வி, அம்மா. அதற்கு வழி உங்கள் வைக்கோல் போரிலேயே இருக்கிறது.

பானையைவிட எல்லாப் பக்கமும் நாலைந்து அங்குலம் பெரிதான ஒரு கூடையோ மரப்பெட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நாலு அங்குல உயரத்துக்கு நன்றாகக் காய்ந்த வைக்கோலை அமுக்கிப் பரப்புங்கள். நடுவில் பானை உட்காரக் குழி விட்டு, சுற்றிலும் வைக்கோலைத் திணியுங்கள். ஒரு பழைய சாக்கில் வைக்கோலை அடைத்துத் தைத்தால் அது மேல்மூடி. வைக்கோல் பெட்டி தயார். பானை அடுப்பில் தளதளவென்று கொதித்து, பத்து நிமிடம் ஆனதும், மூடியைத் திறக்காமல் அப்படியே இறக்கிப் பெட்டிக்குள் வைத்து, மேலே சாக்கை அமுக்கி மூடிவிடுங்கள். உள்ளே இருக்கிற சூடு வெளியே போக வழியில்லை. அந்தச் சூட்டிலேயே ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் சோறும் பருப்பும் வெந்துவிடும். வெளிநாடுகளிலும் போர்க்காலத்தில், விறகுக்கும் கரிக்கும் தட்டுப்பாடு வந்தபோது, இந்த முறையைக் கையாண்டிருக்கிறார்கள்.

இதில் நாலு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, விறகடுப்பாக இருந்தால் பானையின் அடியில் ஒட்டிய நெருப்புக்கங்கைத் துடைத்துவிட்டே வைக்க வேண்டும், வைக்கோல் பற்றிக்கொள்ளும். இரண்டு, பானை முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். அரைப்பானையில் சூடு நிற்காது. மூன்று, திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் மறுபடி கொதிக்கவைத்த பிறகே சாப்பிட வேண்டும். நாலு, இரவு முழுதும் பெட்டியில் விட்டுவைக்கக் கூடாது. ஆறிய சாப்பாடு அதில் கெட்டுப்போகும். மீனையும் இறைச்சியையும் இந்தப் பெட்டியில் வேகவைக்க வேண்டாம். அவை அடுப்பிலேயே வேகட்டும்.

பானை பெட்டிக்குப் போனவுடன் அடுப்பு உங்களுக்குக் காலி. அதில் மீன் குழம்பு வையுங்கள். புளி சேருகிற சமையலுக்கு மண்சட்டி நல்லது. இரும்புச்சட்டி இருந்தால் இன்னும் நல்லது. புளிப்பு பட்டால் இரும்புச்சட்டியிலிருந்து கொஞ்சம் இரும்புச்சத்து குழம்பில் இறங்குகிறது. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்திருக்க வேண்டாம்.

பெட்டியிலிருந்து எடுத்த பானையை மறுபடி அடுப்பில் ஏற்றி ஒரு கொதி விடுங்கள். அப்போதுதான் கீரையைப் போட வேண்டும். நாலைந்து நிமிடம் போதும். கீரையை முதலில் கழுவிவிட்டுப் பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பின் கழுவினால் சத்து கரைந்துபோகும். ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டுங்கள். கீரையிலும் பறங்கியிலும் இருக்கிற, 'ஏ' உயிர்ச்சத்தாக மாறும் பொருள் உடம்பில் சேர எண்ணெய் வேண்டும். இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அதிலுள்ள 'சி' உயிர்ச்சத்து, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ள உதவுகிறது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறோமே, அது நேர்மாறு. இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

வீட்டில் ஆறு மாதம் கடந்த குழந்தை இருந்தால், மிளகாயும் உப்பும் போடுவதற்கு முன்பே அதன் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து, குழைய வேகவைத்து மசித்து, ஒரு துளி எண்ணெய் விட்டு ஊட்டலாம். டின்னில் வருகிற மாவைக் கடன் வாங்கி வாங்க வேண்டியதில்லை. தாய்ப்பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து மீன். வீராம்பட்டினம் கரையில் வலை இறங்கும்போது வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும்தான் போட்டி. மத்தி, நெத்திலி, காரப்பொடி என்றால் "பொடி மீன்" என்று ஒரு இளக்காரம். ஆனால் புரதம் என்று பார்த்தால் பொடி மீன் பெரிய மீனுக்கு இளைத்ததல்ல. இன்னும் ஒன்று அதிகம்: நெத்திலியை நாம் முள்ளோடு மென்று சாப்பிடுகிறோம். அந்த முள்தான் சுண்ணாம்புச்சத்து. மத்தியின் கொழுப்பு இருதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் முள் எடுத்துக் கொடுங்கள்.

விலை பார்க்கும்போது கிலோ எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். அதில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 20 கிராம் புரதம் வேண்டுமானால் பருப்பில் சுமார் 90 கிராம், வேர்க்கடலையில் சுமார் 85 கிராம், சுத்தம் செய்த மீனில் சுமார் 110 கிராம், முட்டையில் மூன்றுக்குச் சற்று மேல் வேண்டும். அன்றன்றைக்குச் சந்தை விலையை வைத்துக் கணக்குப் போட்டால் எது மலிவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒருநாள் மத்தி மலிவாக இருக்கும், ஒருநாள் முட்டை. முட்டையை நன்றாகக் கழுவிச் சோற்றுப் பானையிலேயே போட்டு வேகவைக்கலாம். ஒரே ஒரு பாத்திரம்தான் உண்டு என்பவர்கள், மசாலா தடவிய மத்தியை வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி, கடைசிக் கொதியின்போது சோற்றின் மேல் வைத்து, இறுக மூடிச் சிறு தீயில் கால் மணி நேரம் விட்டால் ஆவியிலேயே வெந்துவிடும். பிரித்துப் பார்த்து, சதை முள்ளை விட்டுக் கழன்று வந்த பிறகே சாப்பிடுங்கள்.

இனி, வருஷத்தில் நெருக்கடியான நாட்களுக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக, நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் குறைகிறது, விலை ஏறுகிறது. கடலோர வீட்டில் வருமானமும் சுருங்குகிறது. முதலில் குறைவது எது? தட்டில் இருக்கிற மீன்தான். சோறு மட்டும் மிஞ்சும்.

ஆனால் பாருங்கள், இயற்கை எப்படி முடிச்சுப் போட்டிருக்கிறது! சம்பா அறுத்த வயலில், தை மாதத்தில் நாம் விதைக்கிற உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி, சித்திரையில்தான் களத்துக்கு வருகின்றன. கடலில் மீன் நிற்கிற நேரத்தில் வயலில் பயறு வருகிறது. விவசாயிகள் என்ன செய்கிறோம்? களத்திலேயே அத்தனையும் எடை போட்டு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, ஆனி மாதத்தில் கடையில் கூடுதல் விலைக்குப் பருப்பு வாங்குகிறோம். ஐந்து பேருக்கு நாளைக்கு 200 கிராம் வீதம் 61 நாளைக்கு 12 கிலோ 200 கிராம். முதலில் இந்தப் பயற்றை வீட்டுக்கு எடுத்துவைத்துவிட்டு மீதியை விற்றுவிடுங்கள். நன்றாக வெயிலில் காயவைத்து, உடைத்துப் பருப்பாக வைத்தால் வண்டு தாக்குவது குறையும். இறுக்கமான மூடியுள்ள டின்னில் போட்டு வையுங்கள். கடலோரத்தில் உறவோ பழக்கமோ உள்ளவர்கள் பயறு கொடுத்துக் கருவாடு வாங்கிக்கொள்ளலாம். இரு பக்கத்துக்கும் லாபம்.

பச்சைப்பயற்றை இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு நாளில் முளை கட்டும். பயறாக இருந்தபோது இல்லாத 'சி' உயிர்ச்சத்து முளையில் உண்டாகிறது. அடுப்பே எரியாமல் கிடைக்கிற சத்து இது. சாப்பிடுமுன் ஒரு கொதி காட்டிக்கொள்வது பாதுகாப்பு.

கருவாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பு குறைவாகப் போட்டு உலர்த்திய நெத்திலியில் எடையில் பாதிக்கு மேல் புரதம்தான். ஒரு கைப்பிடி போதும், குழம்புக்கு வலு வந்துவிடும். பங்குனியில் மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் உலர்த்தி வையுங்கள். மணலில் கொட்டிக் காயவைக்காதீர்கள். இடுப்பளவு உயரத்தில் மூங்கில் பரண் கட்டி, வலையை விரித்து, மேலே ஈ மொய்க்காமல் இன்னொரு வலையைப் போர்த்திக் காயவைத்தால் மண்ணும் ஒட்டாது, காற்று கீழேயும் போவதால் சீக்கிரம் உலரும். சமைக்குமுன் வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், உப்பு குறையும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கருவாட்டைத் தவிர்த்துப் பயறோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கீரைக்கு எங்கே போவது என்கிறீர்களா? கடலோர மணல் மண்ணில் முருங்கை அருமையாக வருகிறது. வீட்டுக்கு ஒரு மரம் போதும். 100 கிராம் முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்குக் குறையாது. அதே அளவு பசும்பாலில் சுமார் 120தான். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் ஒரு பப்பாளி, வேலியோரம் ஒரு அகத்தி, பந்தலில் ஒரு கொடிப்பசலை. இவற்றுக்குத் தனியாக உரமும் வேண்டாம், செலவும் வேண்டாம். ஆளுக்கு நாளைக்கு 100 கிராம் கீரை என்று ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. அவ்வளவு முடியாவிட்டாலும் ஆளுக்கு ஒரு கைப்பிடியில் தொடங்குங்கள்.

சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு. கடைசியில் கீரை, இறக்கியபின் எலுமிச்சை. அடுப்பு ஒன்றானால் துணைக்கு வைக்கோல் பெட்டி. வாங்கும்போது பொடி மீன். தடைக்காலத்துக்குப் பன்னிரண்டு கிலோ பயறு வீட்டில் இருப்பு. இந்த ஐந்தில் எதற்கும் புதிதாகப் பாத்திரம் வாங்க வேண்டியதில்லை.

வீட்டு ஆண்மக்களுக்கு ஒரு வேண்டுகோள். வைக்கோல் பெட்டியை நீங்கள் கட்டிக்கொடுங்கள். அரை மணி நேர வேலை. களத்தில் வியாபாரியின் தராசு ஏறுமுன் வீட்டுப் பயற்றை நீங்களே அளந்து வையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் "நீயும் உட்காரு" என்று வீட்டுத் தாய்மார்களையும் கூடவே உட்காரச் சொல்லுங்கள். பயிரைக் காப்பாற்றுகிற கைகள் அவர்களுடையவை. அந்தக் கைகளில் இரத்தம் ஓட வேண்டும்.